வெள்ளிக்கிழமைத் தலை

முகம் இல்லாத ஒரு தலையைப் பார்த்து, இது என் வீட்டுக்காரர்தான் என்று சாட்சி சொன்ன முதல் பெண் நானாகத்தான் இருப்பேன்.

ரப்பர் தோல் போர்த்திய அலுமினியத் தலை அது. கண் கிடையாது, மூக்கு கிடையாது, காது இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு திருகாணிகள். தூத்துக்குடி புறவழிச் சாலையில் இருக்கும் ஹெல்மெட் சோதனைக்கூடத்தில், ஓர் இரும்புக் கழுத்தின் மேல் அதைப் பொருத்தி வைத்திருந்தார்கள். அங்கே பொறியாளராக இருக்கும் ஹஃப்ஸா பொத்தானை அழுத்தியதும் தலை லேசாக வலது பக்கம் சாய்ந்தது. தாடை கொஞ்சம் மேலே போனது. அவசரமாக இரண்டு தலையாட்டல், ஒரு நிறுத்தம், பிறகு நிதானமாக ஒன்று. எனக்கு மூன்று நொடி போதுமானதாக இருந்தது.

"இது அவியதான்," என்றேன். "வீடியோவுல நான் பேசும்போது இப்படித்தான் கேப்பாவ."

ஹஃப்ஸா குறித்துக்கொண்டாள். அவர் வேலை பார்த்த யார்டில் ஆட்கள் ஹெல்மெட்டை மாற்றி மாட்டிக்கொண்டு போவது சகஜம். அதனால் ஒரு ஹெல்மெட்டில் இருக்கும் தலையசைவுப் பதிவு இன்னாருடையதுதான் என்று வீட்டு ஆள் ஒருவர் வந்து சொல்ல வேண்டும் என்பது அவர்கள் விதி. சொல்லியாகிவிட்டது, நான் கிளம்பலாம். நான் கிளம்பவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னேன். பிறகு இன்னொரு தடவை.

என் பெயர் பிரகாசி. வயது நாற்பத்தொன்று. வீட்டில் இருந்தபடி ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். வாய் கொஞ்சம் ஜாஸ்தி என்று தெருவில் பெயர், அதை நான் மறுத்ததில்லை. வீட்டுக்காரர் பெயர் தஸ்நேவிஸ். கடலுக்குள் நடுகிற காற்றாலைக் கோபுரங்களைத் துண்டு துண்டாகக் கோர்க்கும் யார்டில் அவருக்கு வேலை. கிரேன் தூக்கும் இரும்புக்குக் கீழே நின்று, கையை ஆட்டி, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று வழி சொல்லும் வேலை. பத்தொன்பது வருஷம் நாங்கள் சண்டை போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருந்தோம். பிள்ளை இல்லை. பேசுவதற்கு எனக்கு அவர், அவருக்கு நான். மதியம் ஒன்றேகால் ஆனால் கோபுர நிழலில் நின்று வீடியோவில் கூப்பிடுவார். யார்டுக்குள் நிற்கும்வரை ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாது என்பதால் பத்தொன்பது வருஷத்தில் பாதியை நான் ஹெல்மெட் போட்ட ஒரு மனுஷனிடம்தான் பேசியிருக்கிறேன்.

அது பழகுகிற ஹெல்மெட். அப்படித்தான் எல்லோரும் அதைச் சொன்னார்கள். நேராக உச்சியில் விழும் கல்லைத் தடுக்கும் ஹெல்மெட் என் மாமனார் காலத்திலேயே உண்டு. ஆனால் வேலை செய்யும் இடத்தில் எதுவும் அவ்வளவு மரியாதையாக நேராக விழுவதில்லை. வழுக்கி வரும், ஆடி வரும், பக்கவாட்டில் உரசிக்கொண்டு வரும். அதனால் என்ன கேடு என்று ஹஃப்ஸாதான் எனக்குச் சொன்னாள். நான் பாதி குடித்து வைத்திருந்த டீ டம்ளரை எடுத்து மேஜையில் வைத்து, வெடுக்கென்று கால் வட்டம் திருப்பினாள். மேலே மிதந்த டீத்தூள் திரும்பவில்லை, அது நின்ற இடத்திலேயே நின்றது.

"டம்ளர் திரும்பிட்டு. உள்ள உள்ளது திரும்பல பாத்தியளா? மண்டையும் மூளையும் இதே கததான் அக்கா. சாஞ்சு விழுற அடி தலைய வெடுக்குன்னு திருப்பிரும். மண்டை போயிரும், மூளை பின்னால நிக்கும். உள்ள நூல் மாதிரி இருக்க நரம்பெல்லாம் இழுபட்டு அந்து போவும். எலும்புல ஒரு கீறல் இருக்காது."

அதற்காக அந்த ஹெல்மெட்டுக்குள் இரண்டு அடுக்கு வைத்திருந்தார்கள். வெளியே ஓடு, உள்ளே தலையைப் பிடித்துக்கொள்ளும் ஒரு மெத்தை. அடி சாய்வாக வந்தால் ஓடு மட்டும் ஒரு விரல் அகலம் வழுக்கிப் போகும், தலை இருந்த இடத்தில் இருக்கும். ஒரு விரல் அகலம்தான். ஒரு மனுஷனின் பேர், ஊர், பெண்டாட்டி எல்லாம் அந்த ஒரு விரலுக்குள் இருக்கிறது.

பழகுகிற ஹெல்மெட் இன்னும் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் செய்யும். தலைக்கு மேல் ஏதோ வருகிறது என்று தெரிந்தால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கழுத்தை இழுப்பார்கள். ஒருவர் குனிவார், ஒருவர் நிமிர்ந்து பார்ப்பார். அந்த ஆளின் கழுத்தைத் தெரிந்துவைத்திருந்தால் எந்தப் பக்கம் வழுக்க வேண்டும் என்று முன்கூட்டியே தயாராக இருக்கலாம். அப்படித் தெரிந்துகொள்ள நாற்பது நாள் பிடிக்கும். யார்டில் அதற்கு, ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பைப்போல, தவசு என்று பேர் வைத்துக் கேலி செய்தார்கள். தவசு முடிந்த பிறகும் அது கவனிப்பதை நிறுத்தாது. இரண்டு வருஷம் நாலு மாசம் அவர் தலை அசைந்த அசைவு அத்தனையும் அதற்குள் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு, கிரேன் தூக்கிய கட்டுக்குள்ளிருந்து நழுவிய குட்டைக் குழாய் ஒன்று அந்த ஹெல்மெட்டின் இடது பக்கத்தை உரசிக்கொண்டு போனது. ஹெல்மெட்டில் ஒரு சிராய்ப்பு. அவர் மேல் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. எலும்புக்கு ஒன்றும் இல்லை, கும்பிடுற சாமி காப்பாத்திட்டு என்று ஆஸ்பத்திரியில் ஆளாளுக்குச் சொன்னார்கள். பத்தொன்பது நாள் கழித்துக் கண் திறந்தார். என்னை மேலும் கீழும் பார்த்து, ரொம்ப மரியாதையாக, "நீங்க யாரு?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த மனுஷன் நடப்பார், சாப்பிடுவார், சொன்னால் குளிப்பார். நான்தான் பெண்டாட்டி என்று சொல்லிக்கொடுத்ததும் ஏற்றுக்கொண்டார், பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொன்னதை ஏற்றுக்கொள்வதுபோல. பழையது ஒன்றும் நினைவில்லை. ஒரு சொல்லைத் தேடி எடுக்கச் சில நேரம் ஒரு நிமிஷம் ஆகும். குக்கர் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார். நான் என்ன பேசினாலும் தலை அசையாது. சுவரில் பேசுவதும் அவரிடம் பேசுவதும் ஒன்றுதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அவரோடு கோபித்துக்கொள்ளக்கூட எனக்கு வரவில்லை. முன்பின் தெரியாத ஆளிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது?

பழையவர் எனக்கு வேண்டியிருந்தார். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பசி எடுப்பதுபோல வேண்டியிருந்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் அந்தச் சோதனை யந்திரத்துக்கு வேலை கிடையாது. ஹஃப்ஸாவிடம் கெஞ்சினேன். காயல்பட்டினத்துப் பெண், முப்பது வயது இருக்கும், முகத்தைக் கறாராக வைத்துக்கொண்டு இளகிப்போகும் ரகம். மேலே கேட்டால் சோதனை ஓட்டம் என்று சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் வாருங்கள் என்றாள். என் மதினியை வீட்டில் இவருக்குத் துணைக்கு உட்காரவைத்துவிட்டு, ஒரு சோலி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். எட்டு மாசம், ஒரு வெள்ளிக்கிழமை தவறவில்லை.

தேதி சொன்னால் அந்த நாளின் ஒன்றேகால் மணியை ஹஃப்ஸா போட்டுவிடுவாள். தலை எனக்கு முன்னால் சாயும். நான் அன்றைக்கு என்ன பேசினேனோ அதையே மறுபடி பேசுவேன். மோட்டார் ஓடாத நாள், எதிர்வீட்டுக்காரி என் ஜாக்கெட்டில் கை சரியில்லை என்று சண்டைக்கு வந்த நாள், வாங்கிய அயிலை மீன் நாறிப்போன நாள். சரியாக நினைவு இருந்தால் தலையாட்டல் சரியான இடத்தில் வந்து விழும். எதிர்வீட்டுக்காரியை நான் என்ன கேட்டேன் என்று சொல்லும் இடத்தில் தலை பின்னால் போய்க் குலுங்கியது. சிரிக்கிறார். சத்தம் இல்லை, ஆனால் சிரிக்கிறார். நானும் சேர்ந்து சிரித்தேன், கண்ணில் நீர் வரும் மட்டும்.

நினைவு இல்லாத நாட்கள்தான் ஜாஸ்தி. அப்போது நானாக எதையாவது பேசுவேன். தலை சம்பந்தமில்லாத இடத்தில் ஆடும். நான் கேள்வி கேட்டால் பேசாமல் இருக்கும், நான் மூச்சு வாங்கும்போது ஆமாம் ஆமாம் என்னும். என்னமோ வேறொருத்தி பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல எரிச்சலாக வரும். அந்த ஒருத்தியும் நான்தான் என்பது இன்னும் எரிச்சல்.

போன மாசம் நான் போனபோது ஹஃப்ஸா யந்திரத்தைப் போடவில்லை. பூட்டி வைத்திருந்த அலமாரியைத் திறந்து அவருடைய ஹெல்மெட்டை எடுத்து மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

"இத முதல் வாரமே சொல்லியிருக்கணும். உங்க முகத்தப் பாத்துட்டுச் சொல்ல வாய் வரல," என்றாள்.

உள்ளே என் சேலைத் துணி இருந்தது. நீலப் பருத்திச் சேலை, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனது. அடி விழுவதற்கு ஒரு வருஷம் முன்னால் அவர் தலையெல்லாம் வேர்க்குரு வந்து, உள்ளே இருக்கும் மெத்தை அரிக்கிறது என்று புலம்பிக்கொண்டிருந்தார். துண்டு வைத்தால் நழுவிக் கண்ணை மறைக்கிறது என்றார். நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, அந்தச் சேலையை வெட்டி நாலாக மடித்து, ஹெல்மெட்டுக்குள் வைத்துத் தைத்தேன். சும்மா ஒட்டுத் தையல் போட்டால் ஒரு வாரத்தில் பிய்ந்துவிடும் என்று கோணி ஊசி எடுத்து, மெத்தையையும் தாண்டி ஓட்டுக்கு உள்பக்கம் இருக்கும் நுரை வரை குத்தி இழுத்து, ஏழு இடத்தில் இறுக்கினேன். என் தையல் பிரியாது. அது என் பெருமை.

அடி விழுந்த அந்த நொடியிலும் ஒரு கண்ணிகூடப் பிரியவில்லை. ஹஃப்ஸா விரலால் வெளி ஓட்டைத் தள்ளிக் காட்டினாள். வழுக்க வேண்டிய அடுக்கு வழுக்கவில்லை. ஓடும் மெத்தையும் தலையும் ஒரே உருப்படியாகத் திரும்பியிருக்கின்றன.

நான் அழுதேனா என்று எனக்கு நினைவில்லை. ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்தத் தையலையே பார்த்தேன். நல்ல தையல். அதுதான் முதலில் மனசில் ஓடியது. பிறகுதான் இன்னொன்று உறைத்து, சட்டென்று எழுந்துவிட்டேன். இவருடையதைப் பார்த்துவிட்டு யார்டு ஆட்களின் பெண்டாட்டிமார் பதினொரு பேர் என்னிடம் ஹெல்மெட்டைக் கொண்டுவந்தார்கள். பதினொன்றுக்கும் நான்தான் தைத்துக் கொடுத்தேன்.

அன்றைக்கு மாலையே பதினொரு வீட்டுக்கும் போனேன். கையில் பிளேடு. சில வீட்டில் காரணம் சொன்னேன், சில வீட்டில் சொல்ல நா எழவில்லை. இரண்டு பேர் சிரித்துவிட்டு, துணி இல்லாமல் போட முடியாது, நீங்கள் பிரித்தால் வேறு ஆளிடம் தைத்துக்கொள்வோம் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். பிரித்தேன். ஒவ்வொரு கண்ணியாக அறுத்துப் பிடுங்கினேன். என் கையால் போட்டதை என் கையால் அறுப்பதற்குள் என் உயிர் போய் வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஹஃப்ஸா மீதியைச் சொன்னாள். யார்டில் அறுபது ஹெல்மெட்டைத் திறந்து பார்த்திருக்கிறாள். இருபத்துமூன்றில் துணி. சிலது தைத்தது, சிலது பசை போட்டு ஒட்டியது. இந்தக் கடற்கரை வெயிலில் எந்த யார்டுக்குப் போனாலும் இதுதான் நிலைமை. நோட்டீஸ் ஒட்டிப் பார்த்தாகிவிட்டது, சோதனை என்றால் அன்றைக்கு மட்டும் துணியை எடுத்துவிட்டு வருகிறார்கள். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. ஹெல்மெட்டுக்கே தெரிய வேண்டும், தெரிந்தால் அதுவே கத்திக் காட்டிக்கொடுத்துவிடும். துணி வைத்து வழுக்க விடாமல் பூட்டிய ஹெல்மெட்டில் தலை எப்படி அசைகிறது, பூட்டாததில் எப்படி அசைகிறது என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

"அதுக்கு ஒரே ஆளோட பதிவு வேணும் அக்கா. தைக்கதுக்கு முன்னால ஒரு வருஷம், தச்ச பிறகு ஒரு வருஷம், கடைசில நெசமாவே ஒரு அடி. அது உலகத்துலயே இவர்ட்ட மட்டுந்தான் இருக்கு."

குடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே, இதில் என்ன யோசனை என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். ஒரு மனுஷனின் அசைவை வைத்து அவனை அடையாளம் கண்டுபிடித்துவிடலாம் என்பதால் சட்டம் ரொம்பக் கறார். மற்ற ஹெல்மெட்டுகளுக்குச் சொல்லிக்கொடுத்து முடித்த அதே மணி நேரத்தில் மூலப் பதிவை அழித்துவிட வேண்டும். நகல் வைத்துக்கொள்ளக் கூடாது. கொடுத்துவிட்டால் எனக்கு ஒன்றேகால் மணி கிடையாது. தேதி கிடையாது. அந்தத் தலை மறுபடி யாருடையதும் இல்லாத வெறும் அலுமினியம்.

மூன்று வாரம் யோசித்தேன். நல்லவளாக யோசிக்கவில்லை. மற்றவன் பெண்டாட்டி தைத்ததற்கு நான் ஏன் என் புருஷனை இரண்டாவது தடவை சாகக் கொடுக்க வேண்டும் என்றுகூட யோசித்தேன். அந்த மூன்றாவது வாரம், நான் பிளேடால் பிரித்துவிட்டு வந்த ஹெல்மெட்டில் ஒன்று, புதுச் சிவப்புத் துணி தைத்துப் பைக்கின் கண்ணாடியில் தொங்கிக்கொண்டு எங்கள் தெருவைக் கடந்து போனது. ஓட்டியவன் எனக்குக் கை காட்டிவிட்டுப் போனான். சிரித்த முகம். வீட்டுக்குள் போய் ஹஃப்ஸாவுக்குப் போன் போட்டுச் சம்மதம் என்றேன்.

அப்போதுதான் அவள் இன்னொரு விஷயத்தைச் சொன்னாள். ஆள் உயிரோடு இருக்கும்போது பெண்டாட்டி கையெழுத்து மட்டும் செல்லாது. அவரும் வந்து, பதிவைக் கண்ணால் பார்த்து, விளங்கிக்கொண்டு விரல் வைக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு என்ன விளங்கும்? கூட்டிக்கொண்டு வருகிறேன், நீ காட்ட வேண்டியதைக் காட்டு, விரலை நான் பிடித்து வைத்துவிடுகிறேன் என்றேன்.

புதன்கிழமை போனோம். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்காரவைத்தேன். அவர் வழியெல்லாம் உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். சோதனைக்கூட வாசலில் காவலாளி எழுந்து நின்று, "என்னம்மா, இன்னைக்கு வெள்ளிக்கிழம இல்லியே," என்றார். நான் சும்மா தலையசைத்துவிட்டு இவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன்.

ஹஃப்ஸா நாற்காலி போட்டாள். தலையை ஓடவிட்டாள். ஒரு மதியம் ஒன்றேகால். தலை சாய்ந்தது, தாடை உயர்ந்தது, ஆடியது, சிரித்தது. இவர் முன்னால் குனிந்து பார்த்தார். நான் இவரைப் பார்க்கவில்லை, அந்தத் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசித் தடவை அல்லவா.

பதிவு ஓடி முடிந்ததும் ஹஃப்ஸா நிதானமாக, சின்னச் சின்ன வாக்கியமாக விளக்கினாள். இது உங்கள் தலை முன்பு அசைந்தது. இதை மற்ற ஹெல்மெட்டுகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் நிறையப் பேர் பிழைப்பார்கள். சொல்லிக்கொடுத்த பிறகு இது அழிந்துபோகும். உங்களுக்குச் சம்மதமா?

"வேண்டாம்," என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். ஹஃப்ஸாவும் எதிர்பார்க்கவில்லை. ஏன் அண்ணே என்று கேட்டாள். அவர் சொல் தேடினார். அந்தத் தலையை நோக்கிக் கையை நீட்டினார்.

"இவனப் பாக்கத்தான் வெள்ளிக்கிழம வாரா. பிச்சிப்பூ வச்சிட்டு வருவா. மத்த நாளு வைக்க மாட்டா." நீட்டிய கையை இறக்கினார். "இவன் இல்லன்னா எங்க போவா?"

வெள்ளிக்கிழமை மட்டும் பூ வைத்துக்கொள்கிறேன் என்பது எனக்கே தெரியாது. வாசலில் பூக்காரி வரும் நேரமும் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரமும் ஒன்று, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். சுவர் என்று நான் முடிவு கட்டிய மனுஷன் எட்டு மாசமாக உட்கார்ந்து என் தலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். யாரிடமோ போகிறாள் என்று தெரிந்திருக்கிறது. இன்றைக்கு அது யார் என்றும் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு அவருக்குத் தோன்றியது, அவன் இருக்கட்டும், இவளுக்குப் போக ஓர் இடம் வேண்டும் என்பதுதான்.

இனி மறைக்க என்னால் முடியாது என்று ஆகி, அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நீலச் சேலை, கோணி ஊசி, ஏழு இடம். நீங்கள் இப்படி ஆனதற்கு நான் தைத்த தையல்தான் காரணம், குழாய் இல்லை, கிரேன்காரன் இல்லை, நான்தான் என்றேன். ஹஃப்ஸா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேனா, தலையைத் தடவி மன்னிப்பார் என்று எதிர்பார்த்தேனா, தெரியாது. பழையவராக இருந்தால் முதலில் ரெண்டு ஏச்சு ஏசிவிட்டு, பிறகு விடு பிள்ளே என்பார். இவர் ரொம்ப நேரம் எதையோ சரிபார்ப்பதுபோல யோசித்தார்.

"அத நீ அவனுக்குல்ல தச்ச," என்றார். "எனக்கு ஒண்ணும் தைக்கலியே."

குறையாகச் சொல்லவில்லை. குரலில் ஒன்றும் இல்லை. இருப்பதைச் சொன்னார். ஆனால் என்னையே பார்த்துக்கொண்டு சொன்னார், பதில் வரும்வரை பார்வையை எடுக்கவில்லை. இத்தனை மாசமும் நான் ஒரு மனுஷனுக்காக ஏங்கிக்கொண்டிருந்தபோது, அதே வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து இன்னொருவர் எனக்காக ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

எழுந்து ஹஃப்ஸாவிடம் டேப் கேட்டேன். தலைச் சுற்றளவு எடுக்கும் டேப்தான் இருக்கிறது என்றாள். அது போதும். அந்த இரும்புக் கழுத்துக்குப் பக்கத்திலேயே அவரை நிற்கவைத்து அளந்தேன். தோள், மார்பு, கை நீளம், கழுத்து. பத்தொன்பது வருஷமாக நான் மனப்பாடமாக வைத்திருந்த அளவு ஒன்றுகூட ஒத்துவரவில்லை. தோளில் ஒன்றரை அங்குலம் குறைந்திருந்தது. கழுத்து மெலிந்து, காலருக்குள் இரண்டு விரல் விடலாம்போல இருந்தது. பதினொரு மாசமாக நான் இவருக்கு வேறொருவர் சட்டையைப் போட்டுவிட்டிருக்கிறேன்.

ஹஃப்ஸாவின் நோட்டுத்தாள் ஒன்றைக் கிழித்து வாங்கி ஒவ்வொரு அளவையும் எழுதினேன். எழுதி முடிக்கும் மட்டும் அவர் கையை விரித்து நின்றபடியே இருந்தார். பிறகு மேஜையில் இருந்த படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வைக்கட்டா?"

"வைங்க," என்றேன்.

மையில் கட்டைவிரலை அழுத்தி, அவராகவே வைத்தார். நான் கையைப் பிடிக்கவில்லை.

ஹஃப்ஸா யந்திரத்துக்குப் பக்கம் போய் உட்கார்ந்தாள். எவ்வளவு நேரம் ஆகும் என்று நான் கேட்கவில்லை. அங்கே நின்று பார்க்கவும் எனக்குத் தோன்றவில்லை. அவர் விரலில் இருந்த மையை என் முந்தானையால் துடைத்துக்கொண்டே, சட்டைக்குப் பை வேண்டுமா என்று கேட்டேன். பழையவருக்குப் பை பிடிக்காது, கிரேன் கட்டுக் கயிற்றில் மாட்டும் என்று ஒன்றுகூட வைக்க விடமாட்டார்.

இவர் நன்றாக யோசித்தார்.

"ரெண்டு," என்றார்.

தாளில் ரெண்டு என்று எழுதிக்கொண்டேன்.